பொலிஸ் ரிப்போர்ட் கொண்டு வா என்று சொல்வதற்கு முன்



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். கடை, களஞ்சியம், பேக்கரி, அரிசி ஆலை என்று நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் மட்டும் தயவுசெய்து இப்போதே வாசியுங்கள். இது உங்களைப் பற்றியது. எங்களைப் பற்றியதும்தான்.

போன மாதம் எங்களிடம் படித்த பிள்ளை ஒருவன் பாடசாலைக்கு வந்தான். வயது 24. பெயர் சொல்ல மாட்டோம். யாரென்று கமெண்டில் கேட்கவும் வேண்டாம், தெரிந்தவர்கள் எழுதவும் வேண்டாம். ஓ.எல். நல்லபடியாகச் செய்து, ஏ.எல். வர்த்தகப் பிரிவில் இருந்துவிட்டு, வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போனதால் இடையில் நின்றவன். கணக்கியலில் கெட்டிக்காரன். இடைவேளை நேரம், அலுவலக வாசலில், தொப்பியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றான். நற்சாட்சிப் பத்திரம் ஒன்று வேண்டுமாம்.

என்னத்துக்கு மகன் என்று கேட்டோம். முதலில் சொல்லவில்லை. பிறகு சொன்னான்.

ஹாட்வெயார் கடையொன்றில் ஸ்டோர் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. மூன்று கிழமை வேலை செய்தான். பில்லும் சாமானும் ஒத்துப்போகாத இடங்களை இவனே பிடித்துக் கொடுத்தானாம். முதலாளிக்கும் சந்தோஷம். அதற்கிடையில் கடையில் புது நடைமுறை வந்தது, எல்லோரும் பொலிஸ் ரிப்போர்ட் கொண்டு வர வேண்டும் என்று. இவன் ஒளிக்கவில்லை. நேரே போய், "ஹாஜியார், எனக்கு 19 வயசில ஒரு கேஸ் இருந்திச்சி" என்று சொல்லிவிட்டான். அடுத்த நாள் காலை, "மகன், நீங்க கொஞ்ச நாளைக்கு வீட்ட இரிங்க, பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அந்தக் கேஸ் என்னவென்றால், கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போயிருக்கிறான். சந்தியில் பொலிஸ் மறித்தது. சீட்டுக்கு அடியில் சின்னப் பக்கெட் ஒன்றில் கஞ்சா. இருவரையும் கொண்டுபோனார்கள். தான் ஒரு பாவமும் அறியாதவன் என்று அவன் எங்களிடம் சொல்லவில்லை. "ரெண்டு மூணு தரம் அவனோட சேர்ந்து இழுத்திருக்கன் சேர், ஆனா அந்தப் பக்கெட் என்ட இல்ல" என்றான். அடுத்த நாள் நீதவான் நீதிமன்றம். வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். கோர்ட் வாசலில் நின்ற யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார், குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டம் கட்டிவிட்டு இன்றைக்கே போகலாம், மறுத்தால் மாதக் கணக்கில் தவணை தவணையாக அலைய வேண்டும், ஊருக்கும் தெரிந்துவிடும் என்று. உம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. பகல் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்து, லுஹருக்கு வீட்டில் இருந்தான்.

முடிந்ததென்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அன்றைக்குத்தான் அது தொடங்கியது.

இனி எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் இந்தப் பதிவு எழுத எங்களுக்கு அருகதை இல்லை. அவன் போன பிறகு ஆசிரியர் அறையில் கதைத்தோம். "நடத்தை நன்று என்று எழுதிக் கொடுப்போம், பாவம் பிள்ளை" என்று ஒருவர் சொன்னார். "நாளைக்கு ஏதாவது நடந்தால் பாடசாலையின் பெயரல்லவா கெடும்" என்று இன்னொருவர் சொன்னார். அதன் பிறகு யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. மணி அடித்தது, வகுப்புகளுக்குப் போய்விட்டோம். பத்திரம் நாலு நாள் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அந்த நாலு நாளும் நாங்களும் அந்த ஹாஜியாரும் ஒன்றுதான்.

பத்திரம் எழுதிக் கொடுத்தோம். ஆனால் மனது ஆறவில்லை. சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று, எங்களிடம் படித்து இப்போது சட்டத்தரணியாக இருக்கும் பழைய மாணவரைப் பிடித்து இரண்டு மூன்று இரவு கேட்டுத் தெரிந்துகொண்டோம். தெரிந்தவற்றில் சிலது ஆச்சரியம். சிலது கவலை.

அரசாங்க வேலைக்கான விண்ணப்பப் படிவம் நிரப்பியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் ஒரு கேள்வி வரும், நீதிமன்றத்தினால் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீர்களா என்று. கேள்வியைக் கவனியுங்கள். கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்கவில்லை. சந்தேகத்தில் பிடித்தார்களா என்று கேட்கவில்லை. குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்த்ததா என்றுதான் கேட்கிறது. அரசியலமைப்பின் 13(5) உறுப்புரையும் அதைத்தான் சொல்கிறது, குற்றவாளி என்று நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளி என்றே கருதப்பட வேண்டும் என்று. 14(1)(எ) போன்ற உறுப்புரைகள் சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் செய்யும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரஜைக்கும் தருகின்றன.

இனித்தான் பிரச்சினை. இந்த உரிமைகளுக்காக உயர் நீதிமன்றம் போவதென்றால் 126 ஆம் உறுப்புரையின் கீழ், ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். போனாலும், அரசின் ஆட்சித்துறை அல்லது நிருவாக நடவடிக்கைக்கு எதிராகத்தான் போகலாம். ஹாட்வெயார் கடைக்கு எதிராகப் போக முடியாது. தனியார் முதலாளி ஒருவர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பழைய வழக்கைப் பற்றி எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, எப்போது கேட்கலாம், கேட்டு அறிந்ததை வைத்து என்ன செய்யலாம் என்று வரையறுத்துச் சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. இத்தனை வருடம் ஒழுங்காக இருந்தால் பழைய சிறு குற்றம் காலாவதியாகிவிடும் என்ற ஏற்பாடும் இல்லை. வெள்ளைக்காரன் தன் நாட்டில் 1974 இலேயே அப்படி ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். அவன் நமக்கு விட்டுப்போன சட்டப் புத்தகங்கள் அதற்கு முந்தியவை.

2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. குற்றங்கள், குற்ற வழக்குகள், குற்றத் தீர்ப்புகள் பற்றிய தகவலை விசேட வகைத் தரவாக அது வைத்திருக்கிறது. நோய் பற்றிய தகவலையும் மதம் பற்றிய தகவலையும் வைத்திருக்கும் அதே வரிசையில். அதாவது, கண்டபடி சேர்த்து, கண்டவரிடம் கொடுக்கக் கூடிய சாமான் அல்ல அது. நல்ல விடயம். ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025 இல் பிற்போடப்பட்டது. சட்டம் வந்தாலும் நம் ஊர்த் தேநீர்க் கடை வாங்கில் அது வந்து உட்காரப் போவதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள முறையைப் பற்றி எங்களுக்கு விளக்கினார். 2018 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அங்கே 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் எவரும், விண்ணப்பப் படிவத்தில் குற்றப் பதிவைப் பற்றிக் கேட்கக் கூடாது. முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், தகுதியைப் பார்க்க வேண்டும், வேலை தருகிறோம் என்று நிபந்தனையுடன் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கேட்கலாம். தீர்ப்பில் முடியாத கைதை எடுத்துக்கொள்ளவே கூடாது. தீர்ப்பு இருந்தாலும், அந்தக் குற்றம் எப்படிப்பட்டது, நடந்து எத்தனை காலம், தரப்போகும் வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்த ஆளுக்காகத் தனியாக யோசிக்க வேண்டும். மறுப்பதாக இருந்தால் எழுத்தில் அறிவித்து, பதில் சொல்லக் குறைந்தது 5 வேலை நாள் கொடுக்க வேண்டும். ஹவாய் மாநிலம் 1998 இலேயே இதைத் தொடங்கிவிட்டதாம். சிறைகளில் ஆட்களை நிரப்பி வைப்பதில் பெயர் போன நாடு அது. அவர்களுக்கே, வெளியே வருகிறவனுக்கு வேலை இல்லாவிட்டால் திரும்பவும் உள்ளேதான் வருவான் என்று விளங்கியிருக்கிறது.

நாங்கள் அமெரிக்காவைப் புகழ இதை எழுதவில்லை. அந்த நாட்டில் இருந்து படிக்கக் கூடாத விடயங்கள் நிறைய இருக்கின்றன, காஸாவைப் பார்த்துக்கொண்டு இருக்கும் நமக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அந்த மூன்று கேள்விகள் நல்ல கேள்விகள். என்ன குற்றம், எவ்வளவு காலம், இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு. இதைக் கேட்க நம் முதலாளிமாருக்குப் பாராளுமன்றம் சட்டம் போடும் வரை காத்திருக்க வேண்டுமா?

முதலாளிமாரின் பயம் பொய்யான பயம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஐஸ் நம் தெருக்களுக்குள் வந்துவிட்டது. எங்கள் வகுப்பறைகளின் பின் வாங்குகளில் அதன் நிழலை நாங்களே பார்க்கிறோம். இரவோடு இரவாகக் கல்லாவை வழித்துக்கொண்டு போனதும், களஞ்சியத்திலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனதும் இந்த ஊரில்தான் நடந்தது. வட்டிக்கு எடுக்காமல், நகையை விற்று, வியர்வை சிந்திக் கட்டிய கடை. அதற்குள் யாரை விடுவது என்று யோசிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சந்தேகமே இல்லை.

ஆனால் நீங்கள் கேட்கும் கேள்வி என்னவென்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். "பொலிஸ் கேஸ் ஏதும் இருக்கா?" இதுதான் கேள்வி. அரசாங்கப் படிவத்தின் கேள்வியைவிடப் பெரியது இது. இதற்குள் பிடிபட்டவன், பிணையில் வந்தவன், வழக்கே போடாமல் விடப்பட்டவன், வழக்காடி விடுதலையானவன், தண்டம் கட்டியவன், திருடிச் சிறை போனவன் எல்லோரும் ஒரே சாக்குக்குள் விழுகிறார்கள்.

2023 டிசம்பர் 17 இல் யுக்திய என்ற பெயரில் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கினார்கள். அடுத்த மாதம் 22 ஆம் திகதி ஐ.நா. நிபுணர்கள் அறிக்கை விட்டபோது கைதானவர்களின் தொகை 29,000 ஐத் தாண்டிவிட்டதாகச் செய்தி. ஐந்து கிழமைக்குள் 29,000 பேர். இவர்களில் எத்தனை பேர் வியாபாரி, எத்தனை பேர் நோயாளி, எத்தனை பேர் சும்மா சந்தியில் நின்றவர்கள் என்று யார் பிரித்துப் பார்த்தது? அந்த 29,000 வீட்டிலும் இனி "பொலிஸ் கேஸ் ஏதும் இருக்கா" என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் பதில்.

எங்கள் சிறைச்சாலைகளுக்குத் தண்டனை பெற்றுப் போகிறவர்களில் பெரிய பங்கு யாரென்று தெரியுமா? கொலைகாரர்கள் இல்லை. விதித்த தண்டப் பணத்தைக் கட்ட வழியில்லாதவர்கள். வருடா வருடம் இதே நிலைதான். உம்மாவிடம் வளையல் இருந்தபடியால் நம் பிள்ளை வீட்டுக்கு வந்தான். வளையல் இல்லாத வீட்டுப் பிள்ளை சிறைக்குப் போயிருப்பான். ஊர் அவனைச் சிறைக்குப் போனவன் என்று சொல்லும்.

2019 ஐ இதற்குள் இழுக்காமல் முடிப்போம் என்றுதான் நினைத்தோம். முடியவில்லை.

ஏப்ரல் 21 க்குப் பிறகு நம் சமூகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அந்தக் கொடூரத்தைச் செய்தவர்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நாம் தொண்டை வற்றக் கத்தினோம். வீட்டில் இருந்த பழைய வாளுக்கும், அரபு எழுத்துள்ள புத்தகத்துக்கும் ஆட்கள் உள்ளே போனார்கள். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டாமலே 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. 2022 இல் திருத்தி 12 மாதம் ஆக்கினார்கள். குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாபியைப் பற்றி என்னென்ன எழுதினார்கள் என்று மறந்துவிட்டீர்களா? 2019 மே மாதம் கைது. ஜூலையில் பிணை. 2022 இல் அவருடைய நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்தத் தொகையை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார். கவிதை எழுதியதற்காக 2020 மே மாதம் பிடிபட்ட அஹ்னாப் ஜஸீம் எங்களைப் போல ஓர் ஆசிரியர். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கைதிலிருந்து விடுதலை வரை மூன்றரை வருடம்.

அந்த இருவருக்காகவும் சட்டத்தரணிகள் நின்றார்கள், உலகம் கதைத்தது. பெயர் தெரியாத எத்தனையோ பேர் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். அவர்கள் கொழும்பில் வேலை தேடிப் போனபோது, பலருக்குப் பொலிஸ் ரிப்போர்ட் கூடத் தேவைப்படவில்லை. அடையாள அட்டையில் ஊரின் பெயரைப் பார்த்ததும், "சரி, நாங்க கோல் பண்றோம்" என்று முடித்துவிட்டார்கள். அப்போது நாம் என்ன சொன்னோம்? கைது செய்ததை வைத்து ஆளை எடை போடாதீர்கள், நீதிமன்றம் என்ன சொன்னதென்று பாருங்கள், ஒருவனின் முழு வாழ்க்கையையும் பாருங்கள் என்றோம். பத்திரிகையில் எழுதினோம், தொலைக்காட்சியில் வந்து சொன்னோம். அதே வார்த்தைகளை அந்த ஹாட்வெயார் கடையில், ஸ்டோர் வாசலில் நின்று, நம் பிள்ளை சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாத பிள்ளை அவன்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. சீமெந்து மூடை எண்ணும் வேலைக்குப் பொலிஸ் ரிப்போர்ட் கேட்கும் நாம், நம் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஸ்கூல் வேன் சாரதியிடம் கேட்டிருக்கிறோமா? பின்னேர வகுப்பு நடத்தும் இடங்களில்? தங்கிப் படிக்கும் மத்ரஸாக்களில் பிள்ளைகளோடு இரவு தங்குபவரிடம்? "அவர் நம்ம மச்சானுக்குத் தெரிஞ்சவர்" என்ற ஒரு வார்த்தை போதுமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு எதிரான குற்றத்தில் தீர்ப்புப் பெற்ற ஒருவர், எத்தனை வருடம் போயிருந்தாலும், பிள்ளைகளோடு தனியாக இருக்கும் வேலைக்கு வரக் கூடாது. அங்கே கட்டாயம் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். எங்களிடமும் கேளுங்கள், ஆசிரியர்களுக்கு விதிவிலக்கு வேண்டாம். குடித்துவிட்டு வாகனம் ஓட்டி மாட்டியவரைச் சாரதியாக எடுக்கும் முன் யோசியுங்கள். முந்திய முதலாளியின் காசைக் கையாடித் தீர்ப்பானவரைக் கல்லாவில் உட்கார வைக்க யோசியுங்கள், அதுவும் போன வருடத்துக் கதையென்றால். தொடர்பு இருக்கும் இடத்தில் கேட்பது புத்தி. 19 வயதில் ஒரு பக்கெட் கஞ்சாவுக்குத் தண்டம் கட்டியதற்கும், 24 வயதில் ஆணியையும் பெயின்டையும் கணக்கு வைப்பதற்கும் என்ன தொடர்பு?

பெற்றோருக்கு ஒரு விடயம். நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல, கேட்டு அறிந்ததைச் சொல்கிறோம். பிள்ளை ஒரு சின்ன வழக்கில் மாட்டினால், அன்றைக்கே முடிய வேண்டும் என்ற அவசரத்தில் செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ள வைக்காதீர்கள். தண்டம் கட்டுவது கரண்ட் பில் கட்டுவது மாதிரி இல்லை. அதற்குப் பின்னால் குற்றவாளி என்ற தீர்ப்பு ஒன்று இருக்கிறது. விரல் அடையாளமும் பதிவும் இருக்கிறது. செய்தது உண்மையாக இருந்தாலும் ஒரு வழி உண்டு. 1979 இன் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 306 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆளின் வயது, குணம், முன் வரலாறு, குற்றத்தின் சிறிய தன்மை இவற்றைப் பார்த்து, குற்றவாளி என்று தீர்க்காமலே எச்சரித்து அல்லது நன்னடத்தை நிபந்தனையில் விடுவிக்க நீதவானுக்கு அது அதிகாரம் தருகிறது. கேட்டால்தான் பரிசீலிப்பார்கள். கேட்பதற்கு ஒரு சட்டத்தரணி வேண்டும். காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, பல நீதிமன்றங்களை அண்டி அதன் அலுவலகங்கள் இருக்கின்றன. கோர்ட் வாசலில் நிற்கும் ஆளைக் கேட்க வேண்டாம். அந்த ஒரு காலைப் பொழுதில் 306 என்ற இலக்கத்தை யாராவது அந்த வாப்பாவின் காதில் போட்டிருந்தால், ஒருவேளை இன்றைக்கு இந்தப் பதிவுக்கே தேவை இருந்திராது.

வெளிநாடு போகலாமே என்று சிலர் சொல்வார்கள். வளைகுடா நாடுகள் பலவற்றுக்கு விசா எடுக்கவும் பொலிஸ் நற்சான்று கேட்கிறார்கள். ஊரிலும் வேலை இல்லை, வெளியிலும் போக முடியாது என்றால் அந்தப் பிள்ளைக்கு மிச்சம் இருக்கும் வேலை எது? அந்த வேலைக்கு நேர்முகப் பரீட்சை இல்லை. ரிப்போர்ட் கேட்பதும் இல்லை. இரவு பத்து மணிக்கு ஒரு போன் கோல் வரும், அவ்வளவுதான். ஐஸ் விற்கிறவன் நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கொடுக்கத் தயாராக இருக்கிறான்.

தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற மனிதனின் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும், எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். உனக்குத் தவ்பாவே இல்லை என்று சொன்னவரையும் அவன் கொன்றான். அறிவுள்ள ஆலிம் அவனிடம் என்ன சொன்னார்? உன் ஊரை விட்டு, நல்ல மனிதர்கள் வாழும் அந்த ஊருக்குப் போ என்றார். தவ்பா செய்தவனுக்குப் போக ஓர் இடம் வேண்டும் என்று அந்த ஆலிமுக்கு விளங்கியிருந்தது. நம் பிள்ளைக்கு அந்த நல்ல மனிதர்களின் ஊர் எது? அவன் கேட்டது ஓர் ஊரைக் கூட இல்லை. மாசம் முடியச் சம்பளம் வரும் ஒரு ஸ்டோர் அறையை.

ஆகவே நாங்கள் இப்படி நினைக்கிறோம். முதலில் ஆளைப் பாருங்கள், வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள், பிடித்த பிறகு கேளுங்கள். கேட்பதாக இருந்தால் நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் கேளுங்கள், கைதையும் ஊர்க் கதையையும் விடுங்கள். பழைய சின்னத் தீர்ப்பு ஒன்று இருந்தால், பிள்ளையை உட்கார வைத்து என்ன நடந்தது என்று அவன் வாயால் கேளுங்கள். உண்மையைத் தானாக வந்து சொன்னவனை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்தவன் பொய் சொல்லத்தான் படித்துக்கொள்வான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். "பார்த்துச் சொல்றோம்" என்று பிள்ளைகளைக் காத்திருக்க வைக்காதீர்கள். கேட்டறிந்ததை உங்கள் நெஞ்சுக்குள் வையுங்கள். அந்தப் பிள்ளையின் வழக்கு மூன்று நாளில் மீன் சந்தை வரை போய்விட்டது. அவனுடைய ராத்தாவுக்குப் பேசிக்கொண்டிருந்த கலியாணமும் இப்போது இழுபறியில் நிற்கிறது. அந்தக் கணக்கை யார் தலையில் எழுதுவது?

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கடிதம் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு "மஹல்லாவாசி" என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுப்பதைவிட, ஐந்து வேளை பார்க்கும் நீங்கள் ஐந்து வரி எழுதலாம். நாங்களும் எங்கள் பங்கைச் செய்யத் தீர்மானித்திருக்கிறோம். இனிமேல் எங்களிடம் நற்சாட்சிப் பத்திரம் கேட்டு வருபவர்களுக்கு, "நடத்தை திருப்தி" என்ற உயிரில்லாத இரண்டு சொல்லை எழுதப் போவதில்லை. எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை பார்த்தோம், என்னத்தில் கெட்டிக்காரன், எங்கே தடுமாறினான், எப்படி எழும்பினான் என்று தெரிந்ததை எழுதி, விரும்பினால் முதலாளி அழைத்துக் கேட்க எங்கள் தொலைபேசி இலக்கத்தையும் கீழே போடுவோம். நாளைக்கு அவன் தவறினால் எங்களைக் கேளுங்கள். பாடசாலையின் பெயர் அதனால் கெட்டுப்போகும் என்றால், கெடட்டும்.

அந்த ஹாஜியாருக்கும் இந்தப் பதிவு போய்ச் சேரும் என்று தெரியும். அவர் கெட்ட மனிதர் இல்லை. நம் பாடசாலையின் கூரை ஒழுகியபோது தகரம் தந்தவர் அவர்தான். இரண்டு நாளைக்கு முன் அஸருக்குப் பிறகு அவரைச் சந்தித்துக் கதைத்தோம். "சேர், நான் அந்தப் பிள்ளையை நம்பாமல் இல்ல, மற்ற வேலையாட்கள் என்ன சொல்வாங்க என்றுதான்" என்றார். அப்படியென்றால் மற்ற வேலையாட்களையும் கூப்பிட்டுக் கேட்போம் என்றோம். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் மேல்மாடியில் வர்த்தகர்களோடு அரை மணித்தியாலம் இதைப் பற்றிக் கதைக்க நிர்வாகம் அனுமதி தந்திருக்கிறது. அந்தச் சட்டத்தரணி மாணவரும் வருவார். 306 பற்றியும் பொலிஸ் ரிப்போர்ட் பற்றியும் கேட்க இருப்பவர்கள் வாருங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் முக்கியமாக வாருங்கள்.

அதுவரைக்கும், ஸ்டோர் கணக்கு, கம்பியூட்டர் பில்லிங், எக்செல் தெரிந்த 24 வயதுப் பிள்ளை ஒருவன் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறான். சிங்களமும் கதைப்பான். நாளைக்கே வேலைக்கு வருவான். தேவைப்படுபவர்கள் இன்பாக்ஸில் தொடர்புகொள்ளுங்கள்.